போணி ஆகட்டும்

அண்ணாச்சி, நீங்கதான் முதல் ஆளா? எனக்கு முன்னால யாரும் இருக்க மாட்டாங்கன்னு நெனச்சுல்லா வந்தேன். எதுத்த டீக்கடைக்காரன்கூட இன்னும் அடுப்பு பத்த வைக்கல, நீங்க தூக்குவாளியோட நிக்கீங்க. மக வீட்டுக்கு வந்திருக்கீங்களோ? அப்படித்தான் இருக்கும். உள்ளூர்க்காரன் எவனும் புதுக்கடைக்கு முதல் நாளு முதல் ஆளா வந்து நிக்க மாட்டான். நம்ம கை எப்படியோ, நாளைக்கு வியாபாரம் படுத்துட்டுன்னா நம்ம தலையில வந்து விடியுமேன்னு ஒரு பயம் இருக்கும்லா.

இல்ல இல்ல, நகர வேண்டாம், நில்லுங்க. ஷட்டர் தொறக்க இன்னும் நேரம் கெடக்கு. உள்ள லைட் எரியுது பாத்தீங்களா, அவதான் சாமி படத்துக்குப் பூ வச்சிட்டிருப்பா. என் வீட்டுக்காரி. பேரு கோமதி. இந்த மாவுக்கடை அவளுதுதான். இன்னைக்குத்தான் தொறக்கா.

உங்ககிட்ட ஒரு சின்ன உதவி. அந்த முதல் எடத்த எனக்கு விட்டுக் குடுக்கணும். சும்மா கேக்கல, காரணத்தச் சொல்லுதேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. நியாயம் என் பக்கம் இல்லன்னா நான் ரெண்டாவதாவே நின்னுக்கிடுதேன்.

என் பேரு ஆவுடையப்பன். போன வருசம் வரைக்கும் சங்கரன்கோவில் ரத வீதியில இந்தப் பேரச் சொன்னா கடைக்காரங்க எந்திரிச்சு நிப்பாங்க. இப்பச் சொன்னா உக்காந்திருக்கவன் அந்தப் பக்கம் திரும்பி உக்காருதான். என்னத்தச் சொல்ல.

முதல்ல நான் ஜெராக்ஸ் கடை வச்சிருந்தேன். எதுத்தாப்புல இருந்த ஆபீச நம்பி வச்ச கடை. ஆபீஸ் வேற எடத்துக்குப் போயிட்டு, நான் போகல. பொறவு கொஞ்ச நாளு சும்மா இருந்தேன். கோமதி அப்பத்தான் வீட்டு முன்னால கிரைண்டர் போட்டு இட்லி மாவு விக்க ஆரம்பிச்சா. நான் மேற்பார்வை. மாவு ஆட்டுறதுல என்ன மேற்பார்வைன்னு நீங்க கேக்கலாம். அவளும் அதத்தான் கேட்டா.

அப்படி இருக்கையில ஒரு நாளு காலைல வேலாயுதம் அண்ணாச்சி பாத்திரக்கடையில ஒரு கரண்டி வாங்கினேன். எங்க வீட்டுக் கரண்டி காம்பு ஆடிட்டு இருந்தது, வேற ஒண்ணுமில்ல. அன்னைக்கு மத்தியானமே அவருக்கு ஒரு கல்யாண ஆர்டர். அண்டா, குத்துவிளக்கு, சீர் பாத்திரம், அம்புட்டும். மறுநாளு நான் அந்தப் பக்கமாப் போறேன், கடைக்குள்ள இருந்து சத்தம் குடுக்காரு. "வே ஆவுடையப்பா, இங்க வாரும். வந்து போணி பண்ணிட்டுப் போரும்." நான் போயி இன்னொரு கரண்டி வாங்கினேன். காசக் கண்ணுல ஒத்தி, கல்லாவத் தொட்டு, உள்ள போட்டாரு. அன்னைக்கும் நல்ல வியாபாரம்.

அம்புட்டுதான். ஊரு பத்திக்கிட்டு. ஆவுடையப்பன் கை ராசியான கை. ஜவுளிக்கடைக்காரரு கூப்பிடுதாரு, உரக்கடைக்காரரு கூப்பிடுதாரு. பாடை கட்டுற மூங்கில் விக்காரே, அவரே ஆள் அனுப்பிட்டாரு. அதுக்கு மட்டும் நான் போகல அண்ணாச்சி. அவருக்கு வியாபாரம் நல்லா நடந்தா ஊருக்கு என்ன அர்த்தம்? தொழில்னா அதுல ஒரு தர்மம் வேணும்.

நான் இத ஒரு தொழிலா எப்ப யோசிச்சேன்னா, அந்தச் சமயத்துல கல்யாண மண்டபத்துல ஒரு பயிற்சி முகாம் போட்டாங்க. சொந்தத் தொழில் தொடங்குறதுக்குத் திட்டம் போடச் சொல்லித் தாராங்க, மத்தியானச் சாப்பாடும் உண்டு. கோட்டுப் போட்ட ஒரு சார் மெட்ராசுல இருந்து வந்திருந்தாரு. உங்ககிட்ட என்ன இருக்கு, அது யாருக்கு வேணும், அத எப்படிக் கொண்டு சேப்பீங்க, இதுக்குப் பதில் தெரிஞ்சா அதுதான் திட்டம்னாரு. ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேட்டாரு. பக்கத்துல இருந்தவன் பினாயில்னான். இன்னொருத்தன் கோழின்னான். என் முறை வந்தது.

"உங்க மூலப்பொருள் என்ன?"ன்னாரு. வலது கையத் தூக்கிக் காட்டினேன்.

"பலம்?" வலது கைதான்னேன். "பலவீனம்?" இடது கைன்னேன். "போட்டியாளர்கள்?"னாரு. நல்லா யோசிச்சு, பூனைதான் சார்ன்னேன். குறுக்க போனா எங்க ஆளுங்க கடையத் தொறக்க மாட்டாங்கல்லா. பொறவு, "தொழிலுக்கு முதல் என்ன?"ன்னு கேட்டாரு. "எல்லாக் கடையிலயும் முதல் நான்தான் சார்"ன்னேன். "அதில்ல, முதல் எங்கிருந்து வரும்?"ன்னாரு. "வீட்டுல இருந்து நடந்துதான் வருவேன்"ன்னேன். மண்டபமே கை தட்டுச்சு. சாரு அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. என் திட்டத்துல அவருக்குக் குறை சொல்ல எதுவும் இல்ல போல.

ஆவுடை போணி சர்வீஸ். பேரு எப்படி? நான் வச்சதுதான்.

திட்டம் போடுறது பெருசில்ல அண்ணாச்சி, அத நடத்திக் காட்டுறதுலதான் இருக்கு வேலை. போணின்னா முதல் வியாபாரம். எல்லாக் கடையும் காலைல ஒரே நேரத்துல தொறக்கு. நான் ஒரே ஆளு. என்ன செய்ய? கடைக்காரங்களக் கூப்பிட்டு ஒரு ஒழுங்கு பண்ணினேன். நான் வார வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் விக்கக் கூடாது. கிழக்கேருந்து ஆரம்பிச்சு மேற்கால வருவேன். அவங்களும் சரின்னுட்டாங்க. பொறவு நீங்க காலைல ரத வீதியப் பாத்திருக்கணுமே. கடையெல்லாம் தொறந்து கெடக்கும், சாம்பிராணி போட்டு, சாமான அடுக்கி வச்சு, வாங்க வந்த ஆளுங்களும் வாசல்ல நிப்பாங்க. ஒருத்தனும் எதையும் தொட மாட்டான். எதக் கேட்டாலும், "போணி ஆகட்டும், போணி ஆகட்டும்"னு ஒரே பதில். மெடிக்கல்ல ஒரு ஆளு காய்ச்சல்ல நடுங்கிட்டு நிக்கான். "இந்தா வந்துருவாரு, உரக்கடை வரைக்கும் வந்துட்டாரு"ன்னு அவனத் தேத்திட்டிருக்காங்க. நான் போயி ஒரு தலைவலி மாத்திரை வாங்கின பொறவுதான் அவனுக்கு மருந்து. காய்ச்சலோட என்னயப் பாத்துக் கும்பிட்டான் அண்ணாச்சி. கண்ணு கலங்கிட்டு எனக்கு.

சலூன்தான் சிரமம். வீதியில மூணு சலூன். முதல் கடையில சேவிங். ரெண்டாவது கடையில சேவிங் பண்ண ஒண்ணுமில்ல, முடி வெட்டினேன். மூணாவது கடைக்காரன் மொகத்தத் தடவிப் பாக்கான், தலையத் தடவிப் பாக்கான், அவனுக்கு அழுகையே வந்துட்டு. பொறவு மொட்டை போட்டுட்டான். பாக்கவங்க எல்லாம் எந்தக் கோயிலுக்கு நேந்துக்கிட்டீங்கன்னு கேட்டாங்க. மறுநாள்ல இருந்து அவனுக்குப் புருவம்தான். சிரிக்காதீங்க. தொழில்னு வந்தா நாலையும் பாக்க முடியுமா?

வருமானமா? அதுக்குத்தான் வாரேன். திட்டப்படி கடைக்கு இவ்வளவுன்னு மாசக் கட்டணம். ஆனா அதுல ஒரு சிக்கல். போணி ஆகுறதுக்கு முன்னால கல்லாவுல இருந்து காசு வெளிய போகக் கூடாது, உங்களுக்கே தெரியும். போணி ஆன கையோட குடுத்தா, வந்த லட்சுமிய வாசலோட திருப்பி அனுப்புன மாதிரி. சாயங்காலம் வெளக்கு வச்ச பொறவு ஒருத்தனும் காசு குடுக்க மாட்டான். செவ்வாய், வெள்ளி கேக்கவே வேண்டாம். மிச்சம் இருக்கது மத்த நாளு மத்தியானம். அப்பப் போனா மொதலாளி சாப்பிடப் போயிருப்பாரு. நான் ஒருத்தரையும் குத்தம் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. இந்த நம்பிக்கை எல்லாம் அவங்களுக்கு இருக்கப் போய்த்தான எனக்குத் தொழிலே நடக்கு? எனக்காக ஒருத்தன் வெள்ளிக்கிழமை காச எடுத்து நீட்டினா, அவன நானே திட்டியிருப்பேன்.

போணிக்குக் கையில காசு வேணும்லா. கடன் சொல்லிப் போணி பண்ணினா கடை வெளங்காது. அதனால தெனமும் காலைல எந்திரிச்ச ஒடனே கோமதி கல்லாவுல இருந்து வேண்டியத எடுத்துட்டுப் போவேன். அவ கடையில போணி ஆகுறதுக்கு முன்னாலதான். வேற எப்ப எடுக்க? அதுக்குப் பொறவு எனக்கு நேரம் கெடையாது.

வீடு சாமானால நெறஞ்சுட்டு. நல்ல சாமான்னு நெனச்சுக்கிடாதீங்க. எல்லாம் போணி சாமான். ஆணிக்கடையில ஒரு ஆணி, ஜவுளிக்கடையில ஒரு ரவிக்கைக் கொக்கி, உரக்கடையில ஒரு கை வேப்பம் புண்ணாக்கு, மோட்டார் கடையில ஒரு வாசர். கரண்டி மட்டும் ஒரு சாக்கு. கோமதி ஒருக்க அந்தச் சாக்குல தடுக்கி விழுந்து முட்டியில நல்ல அடி. அப்பவும் ஒண்ணுதான் சொன்னா. "ஊருக் கடையில எல்லாம் முதல்ல வாங்குதீங்க, என் கடையில மட்டும் முதல எடுக்குதீங்க"ன்னா. எனக்கு வெளங்கல. ரெண்டும் முதல்தான? அவ படிக்காதவ, சில நேரம் இப்படித்தான் முன்னப் பின்னப் பேசுவா.

நல்லா நடந்துட்டு இருந்த தொழிலுக்கு ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்குத்தான் வெனை வந்தது. எங்க ஊருல தபசுன்னா கூட்டத்தச் சொல்லவா வேணும்? ரத வீதிக்கு வருசம் முச்சூடும் நடக்க வியாபாரத்துல பாதி அன்னைக்கு நடக்கும். அன்னைக்குப் பாத்து எனக்கு வயித்தால போகுது. அதுவும் தொழிலால வந்ததுதான். நாலு டீக்கடை, ரெண்டு இட்லிக்கடை, ஒரு பழக்கடை, ஒரு பரோட்டாக்கடை, அம்புட்டுலயும் தெனமும் வெறும் வயித்துல போணி பண்ணினா குடல் என்னத்துக்கு ஆகும்? விடியுறதுக்கு முன்னால கக்கூஸ்குள்ள போனவன்தான். வெளிய வர முடியல.

வீதியில ஜனம் எள்ளு போட்டா கீழ விழாது. கடையெல்லாம் தொறந்து கெடக்கு. ஒரு பய விக்க மாட்டேங்கான். பொறவு பொறுக்க மாட்டாம கடைக்காரங்க அம்புட்டுப் பேரும் சாமானோட எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. வேலாயுதம் அண்ணாச்சி கரண்டியோட நிக்காரு. சலூன்காரங்க மூணு பேரும் கத்தியோட நிக்காங்க. மெடிக்கல்காரரு ஒருத்தர்தான் எனக்கு வேண்டிய மாத்திரையக் கொண்டு வந்தாரு. "ஆவுடையப்பா, கதவத் தொறக்க வேண்டாம், கைய மட்டும் நீட்டும்"னு சந்துல நின்னு சத்தம் போடுதாங்க. கக்கூஸுக்கு ஒரு சின்ன சன்னல் உண்டு. அது வழியாக் கைய நீட்டி ஒவ்வொருத்தரு சாமானா வாங்கி, காசு குடுத்து, வீதி பூராவுக்கும் போணி பண்ணி முடிச்சேன். அந்த நெலமையில வேற எவன் பண்ணுவான்?

அதுக்குப் பொறவுதான் ஒருத்தன் கேட்டான். "நீட்டினது எந்தக் கை?"ன்னு.

வலது கைதான் அண்ணாச்சி. சத்தியமா வலது கைதான். வெளிய நின்னவங்களுக்கு ஒரு கைதான் தெரியும், உள்ளங்கை இந்தப் பக்கம் இருந்ததா அந்தப் பக்கம் இருந்ததான்னு அவங்களுக்குள்ளயே அடிதடி. வேலாயுதம் அண்ணாச்சி எங்க வீட்டுக்குள்ள வந்து, கக்கூஸ்ல உக்காந்து, கைய நீட்டிப் பாத்துட்டாரு. அந்தச் சன்னலுக்கு வலது கை எட்டாதுங்காரு. எட்டாதுதான். அதுக்காக? நான் கொஞ்சம் எக்கி, திரும்பி... சரி, விடுங்க. காய்ச்சல் வேற அடிச்சுட்டு இருந்தது எனக்கு. எந்தக் கைன்னு யாரு பாத்தா?

அன்னைக்கோட ஒருத்தனும் கூப்பிடல. நான் எதுக்க போனா, குறுக்க பூனை போன மாதிரி நின்னு, ரெண்டு நிமிசம் கழிச்சு நடக்கான்.

கோமதிக்கும் அன்னைக்கு நட்டம்தான், அதையும் சொல்லணும். தபசுக்குன்னு பெரிய அண்டாவுல மாவு ஆட்டி வச்சிருந்தா. வாசல் பூரா கடைக்காரங்க நின்னா வாங்க வந்தவங்க எப்படி உள்ள வருவாங்க? வெயிலு வேற. மாவு பொங்கிப் புளிச்சு வழிஞ்சு போச்சு. சாயங்காலம் அண்டாவ இழுத்துட்டுப் போயி, சாக்கடையில கவுத்தா. ஏசுவான்னு பாத்தேன், ஏசல. அழுவான்னு பாத்தேன், அழவும் இல்ல. அண்டாவக் கழுவிக் கவுத்தி வச்சுட்டு, "நான் வேற எடம் பாக்கேன்"ன்னா. கடைக்குத்தான் சொல்லுதான்னு நெனச்சேன். கடைக்குத்தான் சொன்னா. வேற எதுக்கும் இருக்காது.

அவளே அலைஞ்சு, அவளே பேசி, பிடிச்ச கடைதான் இது. பஸ் ஸ்டாண்டு பக்கம், தண்ணி வசதி, ஷட்டர் போட்ட கடை. நான் பாக்கக்கூட இல்ல. நேத்துச் சாயங்காலம்தான் சாமான எல்லாம் ஏத்தினா. நான் கேட்டேன், "நாளைக்கு எத்தன மணிக்கு நான் வரட்டும், போணிக்கு?"ன்னு. "நீங்க வர வேண்டாம்"ன்னா. அவளுக்குக் கூச்சம். புருசன்கிட்டயே காசு வாங்கிக் கல்லாவுல போடணும்லா.

இப்பப் புரிஞ்சிருக்கும் உங்களுக்கு, இந்த எடத்த எதுக்குக் கேக்கேன்னு. இன்னைக்கு என் கையால இந்தக் கடையில போணி ஆயிட்டுன்னு வைங்க, கட்டின பொண்டாட்டியே ஆவுடையப்பன் கைய நம்பிட்டாடான்னு வீதி பூரா பேச்சு வந்துரும். ஒவ்வொருத்தனா திரும்பி வருவான். இல்லன்னா, சொந்தப் பொண்டாட்டியே ஒதுக்கினவன எவன் தொடுவான்? அதோட என் கதை முடிஞ்சுது. வெறும் தொழிலுக்காக மட்டும் கேக்கேன்னு நெனைக்காதீங்க. ஊருல இத்தன கடைக்காரன் என் காசக் கண்ணுல ஒத்திட்டான். அவ ஒருக்க ஒத்தி நான் பாக்கணும். வேற ஆசையில்ல.

ஆகா, ஒதுங்கிட்டீங்களே. நீங்க நல்லா இருக்கணும், மக பிள்ளை பெத்து நல்லா இருக்கணும். வாளிய அப்படி ஓரமா வச்சுக்கிடுங்க. ஷட்டர் தூக்குதா பாருங்க. என் சட்டை சரியா இருக்கா? வலது கை, வலது கை... இந்தா, இதான் வலது கை.

அண்ணாச்சி. உள்ள இருந்து யாரோ வெளிய வாராங்களே.

முப்பிடாதில்லா இது? மார்க்கெட் பெருக்குற பொம்பள. புருசன் செத்து எவ்வளவோ காலம் ஆச்சு. காலைல நல்ல காரியத்துக்குப் போறவன், இவ எதுக்க வந்தா வீட்டுக்குத் திரும்பி ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுத்தான் பொறப்படுவான். நானே எத்தன தடவ திரும்பிப் போயிருக்கேன், அவ பாத்துட்டே நிப்பா. இவ எப்ப உள்ள போனா? பின் வாசல் வழியாப் போயிருக்கா.

கையில மாவுப் பாக்கெட்டு.

மடியில இருந்து காச எடுக்கா. பாருங்க, கோமதிகிட்ட நீட்டுதா. கோமதி ரெண்டு கையாலயும் வாங்குதா. கண்ணுல ஒத்துதா அண்ணாச்சி. நல்லாக் கண்ண மூடிட்டு, அந்தக் கண்ணுக்கு ஒருக்க, இந்தக் கண்ணுக்கு ஒருக்க. கல்லாவுல போடுதா. ரெண்டு பேரும் சிரிக்காங்க.

ஒண்ணுமில்ல. கொஞ்சம் இந்தக் கம்பியப் பிடிச்சுக்கிடுதேன். எனக்கு வருத்தமா இருக்கு அண்ணாச்சி, சொல்லுறதுக்கு என்ன, ரொம்ப வருத்தமா இருக்கு.

என்னயத்தான் பாக்கா. "ஏங்க, உங்களுக்கு எத்தன பாக்கெட்டு?"ன்னு கேக்கா. எல்லார்கிட்டயும் கேக்க மாதிரியே கேக்கா.

ஒண்ணு தாட்டி. ஒண்ணு போதும்.

காசு... இருங்க. இந்தப் பையிலயும் இல்ல. கல்லாப்பெட்டிய நேத்தே இங்க தூக்கிட்டு வந்துட்டா, காலைல எடுக்க வீட்டுல ஒண்ணுமில்ல. பழக்கத்துல அப்படியே கெளம்பி வந்துட்டேன்.

அண்ணாச்சி, ஒரு பாக்கெட்டுக்கு உங்ககிட்ட இருக்குமா? போணிக்குன்னா கடன் கேக்க மாட்டேன். அதான் போணி ஆயிட்டே. இது சும்மா, வீட்டுக்கு மாவு வாங்கத்தான்.